வருமுன் காத்தல்: கண்டி அரசின் தற்காப்பு ஏற்பாடுகளும் அவை பயனிழந்த வரலாறும்

அரண் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், நீரும் வெளிநிலமும் மலையும் காடும் ஒருங்கமைந்த இடமே அரணாகும் என்று இலக்கணம் வகுக்கின்றார். ஆயின் அவ்வதிகாரத்தை முடிக்குமிடத்து அவர் கூறுவது பிறிதொன்று. எத்துணைச் சிறப்புப் பெற்றிருப்பினும், செயல்வன்மை உடையார் இல்லாதவிடத்து அரண் இருந்தும் இல்லாததே என்பது அவர் முடிபு. கண்டி இராச்சியத்தின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, இவ்விரு கருத்துக்களுக்கும் அவ்வரலாறே விரிவுரையாக அமைந்திருத்தல் புலனாகும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்துள் சீதாவாக்கை, கோட்டை, யாழ்ப்பாணம் ஆகிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தது. கண்டி அரசு மட்டும் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் அடுத்தடுத்து எதிர்த்து 1815 வரை நிலைத்து நின்றது. இதற்குக் காரணம் யாது என வினவின், மலையும் காடும் காய்ச்சலுமே என்று விடை கூறுவார் பலர். அவ்விடை பாதி உண்மையே. ஏனெனின், 1803இல் இருந்த மலைகளும் காடுகளும் 1815இலும் இருந்தன, காய்ச்சலும் இருந்தது. ஆயினும் முன்னதில் வென்ற அரசு பின்னதில் ஒரு திங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் அழிந்தது. ஆகவே, கண்டியைக் காத்தது இயற்கை மட்டுமன்று. இடர் வருமுன்னரே இன்னார் இன்னது செய்வர் என வகுத்து வைத்த ஒழுங்கும், அவ்வொழுங்கை இயக்கிய நம்பிக்கையுமே அதனைக் காத்தன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணவாயும் கடவத்தையும்

கண்டி நகரை மகாவலி கங்கை மூன்று பக்கங்களிலும் வளைந்து ஓடுகின்றது. தெற்கே அந்தானை மலைத்தொடர் நிற்கின்றது. மேற்கிலிருந்து வருவோர் பலனை, கலகெதரை முதலிய கணவாய்களுள் ஒன்றின் வழியாகவே மேலேற வேண்டும். பலனை என்னும் பெயரே பார்த்திருத்தல் என்னும் பொருளைத் தருஞ் சிங்களச் சொல்லின் வழி வந்தது. அங்கு நின்று நோக்குவார்க்குக் கீழ்நாட்டின் அசைவுகள் தெளிவாகத் தோன்றும். கண்டி அரசை மீள நிலைநிறுத்திய முதலாம் விமலதருமசூரியன் அவ்விடத்தை அரணாக்கினான். அவன் இளமையிற் போர்த்துக்கேயரிடம் வளர்ந்தவன். கோவாவில் அவர்தம் போர்முறையைக் கற்றவன். பகைவன் எவ்வாறு வருவான் என்பதை அறிந்தவனே எங்குக் காவலிட வேண்டும் என்பதையும் அறிவான்.

இக்காவலின் இயல்பை நமக்கு விளக்கமாக எழுதி வைத்தவர் உறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660இற் சிறைப்பட்டு 19 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். நாட்டினுள் வரும் வழிகள் ஒருவர்பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒடுங்கிய தடங்கள் என்றும், அவற்றை அகலமாக்க அரசன் விரும்பவில்லை என்றும் அவர் கூறுகின்றார். அவ்வழிகளில் முட்கதவுகள் அமைந்திருந்தன. நீண்ட கூரிய முட்களையுடைய கொம்புகளைச் சட்டத்திற் பிணைத்து, உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதாய் அமைத்த வாயில்கள் அவை. சிங்களத்திற் கடவத்தை எனப்பட்ட அவ்வாயில்களின் நினைவு இன்றும் ஊர்ப்பெயராய் நிலவுகின்றது. சில இடங்களில் வழிப்போக்கர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டினாலன்றி அப்பாற் செல்ல இயலாது.

முட்கதவு ஒன்று பீரங்கியைத் தடுக்குமோ என்று கேட்கலாம். தடுக்காது, தடுப்பது அதன் தொழிலுமன்று. செய்தி முந்திச் செல்லுதற்குக் காலம் பெற்றுத் தருவதே அதன் தொழில். எளிய பொருளாற் செய்த காவலாயினும் அது நாள்தோறும் காக்கப்பட்டது. அமைதிக் காலத்திலே இருவரோ மூவரோ நின்ற இடத்தில், ஐயம் பிறந்தவுடன் பலர் நின்றனர்.

குடிகளும் கடமையும்

வாயிற்காவலர் அனுப்பிய செய்தியைப் பெறுவார் யார்? பெற்றபின் செய்வது யாது? கண்டி அரசிற் பெரியதொரு நிலைப்படை இருந்ததில்லை. நிலத்தை அனுபவிப்போர் அதற்கீடாக அரசுக்குச் செய்யவேண்டிய சேவையே இராசகாரியம் எனப்பட்டது. அரசனுக்கு அடுத்த நிலையில் அதிகார் இருவரும், மாகாணங்களில் திசாவைகளும், தலைநகரைச் சூழ்ந்த நாடுகளில் இரட்டே மகாத்மயாக்களும், அவர்க்குக் கீழ் ஊர்த்தலைவரும் இருந்தனர். நெல் விளைவித்தலும் பாதை காத்தலும் படைக்குச் செல்லுதலும் ஒரே ஒழுங்கின் உறுப்புக்கள். அமைதிக் காலத்திற் கட்டளை சென்ற அதே வழியிலேயே போர்க் காலத்திலும் கட்டளை சென்றது. இடர் வந்தபின் புதியதோர் அமைப்பை உண்டாக்கும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

இதனைக் கண்கூடாகக் கண்டவர் ஆங்கிலப் படைத்தலைவர் ஆதர் ஜோன்ஸ்டன். 1804இல் ஏறத்தாழ 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குட் புகுந்து, துணைப்படைகள் வாராமை கண்டு, போரிட்டவாறே திருகோணமலைக்கு மீண்ட அவர், தம் அனுபவத்தை 1810இல் நூலாக்கினார். திசாவையின் கட்டளை கிடைத்ததும் ஊர்த்தலைவன் தேவைக்கேற்ப மூவரில் ஒருவர், நால்வரில் ஒருவர், ஐவரில் ஒருவர் என்னும் முறையில் ஆட்களை அழைப்பான் என்கின்றார் அவர். வருபவன் ஒவ்வொருவனும் துவக்கோடு 15 நாளைக்குரிய உணவையும் சிறு சமையற் கலத்தையும் கொண்டு வருவான். தாளிப்பனை ஓலையே கூடாரம். தவணை முடிந்ததும் வேறு ஆட்கள் வந்து அவர்களை விடுவிப்பர். ஐரோப்பியப் படையொன்று உணவும் கூடாரமும் சுமக்க நூற்றுக்கணக்கான கூலியாட்களை இழுத்துச் செல்ல வேண்டியிருந்த மலைவழியில், கண்டிப் படைஞன் தன் தேவையைத் தானே சுமந்து சென்றான். இத்திட்டத்தின் எளிமையே அதன் வன்மை.

படைக்கலத்திலும் இவ்வாறே. குகைகளிற் கிடைத்த வெடியுப்பைக் கொண்டு அவர்களே வெடிமருந்து செய்தனர். 1821இல் வெளிவந்த தம் நூலில் மருத்துவர் ஜோன் டேவி இத்தொழிலை விவரித்துள்ளார். தோளிற் சுமந்து செல்லத்தக்க சிறு பீரங்கியைக் கொடித்துவக்கு என வழங்கினர். அச்சொல்லின் ஈற்றில் நம் துவக்கு இருத்தலை வாசகர் காண்பர். கரை முழுவதும் பிறர் கையில் இருந்த காலத்தும் இவ்விரண்டையும் உள்நாட்டிலேயே பெற முடிந்தது. ஆனால் உப்புக்கும் துணிக்கும் அவர்கள் கரையோரத்தையே நம்பியிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

தலைநகரைக் கைவிடும் திட்டம்

இவ்வேற்பாடுகள் அனைத்தினும் வியக்கத்தக்கது தலைநகர் பற்றிய முடிவாகும். பிற அரசுகள் தலைநகரைக் காக்க உயிரை ஈந்தன. அது வீழ அரசும் வீழ்ந்தது. கண்டியரோ தலைநகர் பகைவர் கைப்படும் என்பதை முன்னரே எண்ணித் துணிந்திருந்தனர். நகரைக் காப்பதா, அரசைக் காப்பதா என்னும் வினாவுக்கு விடையைப் பகைவன் வாயிலில் நிற்கும்போது அவர்கள் தேடவில்லை.

பகைவர் அணுகியதும் அரசனும் குடும்பமும் மக்களும் நகரை விட்டகன்றனர். புத்தரின் தந்த தாது மலைப்புற மறைவிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதனை உடையவனே அரசுக்கு உரியவன் என மக்கள் கருதினராதலின், முதலிற் காக்கவேண்டிய பொருள் எது என்பதில் அவர்களுக்கு மயக்கம் இருந்ததில்லை. ஹங்குராங்கெத்தை, மெதமகாநுவர போன்ற இடங்கள் அரசன் தங்குதற்கு உரியனவாக இருந்தன. இரண்டாம் இராசசிங்கன் நெடுங்காலம் ஹங்குராங்கெத்தையிலேயே அரசிருந்தான். எனவே இடம்பெயர்தல் அரசவைக்குப் புதிதன்று. நகரிற் பெரும்பாலான வீடுகள் களிமண் சுவரும் வைக்கோற் கூரையும் உடையன. எரிந்தால் மீளக் கட்டுதல் எளிது. வந்த பகைவனுக்கு வெறுமையான தெருக்களே கிடைத்தன.

1638 மார்ச்சில் தியோகோ த மெலோ த காஸ்துரோ என்னும் போர்த்துக்கேயத் தளபதி இவ்வாறு வெறுநகரைக் கண்டு அதற்குத் தீயிட்டு மீண்டார். மீளும் வழியில், மகாவலிக்கு அப்பால், இன்று பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் உள்ள கன்னொறுவையில் இராசசிங்கனின் படை அவரைச் சூழ்ந்தது. மார்ச் 28இல் அப்படை முற்றாக அழிந்தது; தளபதியும் மாண்டார். உயிர் தப்பிய போர்த்துக்கேயர் 33 பேரே என்பர்.

ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் 1764இல் ஒருமுறை முயன்று தோற்று, 1765இன் தொடக்கத்தில் மீண்டும் வந்து பெப்புருவரியில் நகரைக் கைப்பற்றினார். கீர்த்தி சிறி இராசசிங்கன் மலைகளுக்குள் மறைந்தான். வான் எக் கொழும்புக்கு மீண்டு ஏப்பிரிலில் இறந்தார். கண்டியில் விடப்பட்ட காவற்படை நோயாலும் உணவின்மையாலும் நலிந்து ஆகஸ்டில் வெளியேறியது. ஆயினும் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அரசன் கரையோரம் முழுவதையும் இழக்க நேர்ந்தது. திட்டம் அரசைக் காத்தது. ஆனால் விலையின்றிக் காக்கவில்லை.

1803இல் ஆங்கிலேயர் முறை வந்தது. மக்டவலின் படை கொழும்பிலிருந்தும், பார்பட்டின் படை திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டுப் பெப்புருவரியிற் கண்டியிற் சந்தித்தன. நகர் வெறுமையாயிருந்தது, அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் நாயக்கர் மரபினரான முத்துச்சாமியை அரசனாக்கினர். அவரை ஏற்க மக்கள் வரவில்லை. காய்ச்சல் பரவியது, மழை தொடங்கியது, வழிகள் அடைபட்டன. யூன் 24இல் மேஜர் டேவி சரணடைந்தார். நகரை நீங்கிய படையினர் வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க இயலாது வட்டபுளுவையில் தடைப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1638, 1765, 1803 என நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் மூன்று வேறு பகைவர் ஒரே திட்டத்துக்கு இரையாயினர். அரசர் மாறினர், அரச மரபே மாறியது, திட்டம் மாறவில்லை. ஒருவனது அறிவாகத் தோன்றியது ஓர் அமைப்பின் பழக்கமாகிவிட்டமையே இதற்குக் காரணமாகும்.

மறைவான படைக்கலம்

இவ்வெற்றிகளில் இன்னுமொரு கூறு உண்டு. போர்த்துக்கேயர் படையிற் பெரும்பாலோர் லஸ்கரின் எனப்பட்ட உள்நாட்டு வீரரே. கண்டி அரசர் அவ்வீரரின் மனத்தைத் தம்பால் ஈர்த்தனர். 1594இற் பேதுரு லோபஸ் த சூசாவின் படை கண்டியிற் புகுந்தபோது, அவருடன் நின்ற உள்நாட்டுத் தலைவன் ஜயவீரன் மேல் ஐயம் எழுந்தது. போர்த்துக்கேயர் அவனைக் கொன்றனர். உடனே லஸ்கரின்கள் விலகினர். எஞ்சிய படை தந்துறையில் அழிந்தது. 1630இற் பதுளையை எரித்து மீண்ட கொன்ஸ்தந்தீனு த சாவை அவருடைய முதலிமாரே கைவிட்டனர். அவர் வெல்லவாயை அடுத்த ரந்தெனிவெலையில் மாண்டார். கன்னொறுவையிலும் லஸ்கரின்கள் கைவிட்டுச் சென்றனர்.

ஆகவே, கண்டியின் பெருவெற்றிகள் வெறும் கணவாய் வெற்றிகள் அல்ல. பகைவரின் அமைப்பில் நம்பிக்கை முறிந்த இடத்தைக் கண்டு தாக்கிய வெற்றிகள் அவை. இக்கருத்தை மனத்திற் கொண்டு 1815க்கு வருவாம்.

1815

சிறீ விக்கிரம இராசசிங்கன் 1798இல் அரசனானான். 1803இன் வெற்றிக்குப் பின் அவனுக்கும் தலைவர்களுக்கும் இடையே பிளவு வளர்ந்தது. இன்று கண்டி நகருக்கு அழகு தரும் ஏரியை வெட்டுதல் முதலிய பெருவேலைகளுக்கு மக்கள் இராசகாரியத்தின் பேரால் வருத்தப்பட்டனர். காவலுக்கென ஏற்பட்ட கடமை அரசனின் விருப்புக்கென ஏவப்பட்டபோது, அக்கடமையின்மேல் இருந்த மதிப்புக் குறைந்தது. 1814இல் அதிகார் எகலப்பொலை ஆங்கிலேயரிடம் ஓடினான். அவனுடைய மனைவி மக்கள் கண்டியிற் கொல்லப்பட்டனர். அக்கொலை நாட்டின் உள்ளத்தை அரசனிடமிருந்து பிரித்தது.

இதே காலத்திற் கரையோரத்திலிருந்து ஒருவர் கண்டியைக் கவனித்து வந்தார். சிங்களத்தில் வல்லவரான ஜோன் டொயிலி, தலைவர்களுடன் ஓலைத் தொடர்பு வைத்தும், வந்துபோவோரை வினவியும், செய்திகளை நாட்குறிப்பில் எழுதித் தொகுத்தார். முட்கதவுகள் அவர் தூதரைத் தடுக்கவில்லை. வாயில் காப்பவன் மனம் மாறிய இடத்தில் வாயில் இருந்து பயன் என்ன?

1815 சனவரி 10இற் போர் அறிவிக்கப்பட்டது. படைகள் எட்டுப் பிரிவுகளாகப் பல திசைகளிலிருந்தும் முன்னேறின. 1803இற் போலவே சனவரி, பெப்புருவரித் திங்கள்களில், அதே மலைவழிகளில், அதே காடுகளினூடு அவை நடந்தன. எதிர்ப்பு மிகச் சிறிது. எஞ்சியிருந்த பெருந்தலைவன் மொல்லிகொடையும் ஆங்கிலேயருடன் சேர்ந்தான். பெப்புருவரி 14இற் படைகள் கண்டியை அடைந்தன. அரசன் பழைய திட்டத்தின்படியே நகரை விட்டு மெதமகாநுவரப் பக்கம் சென்றிருந்தான். ஆனால் அவனுடன் திட்டத்தின் உடலே சென்றது, உயிர் செல்லவில்லை. ஊரார் மறைத்து வைக்கவில்லை. பெப்புருவரி 18இல் உள்நாட்டார் கூட்டமொன்றே அவனைப் பிடித்தது. மார்ச் 2இற் கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. தந்துறையிலும் ரந்தெனிவெலையிலும் கண்டியர் பிறர்மேல் ஏவிய படைக்கலம் ஈற்றில் அவர்கள்மேலேயே ஏவப்பட்டது.

இக்கூற்றுக்குச் சான்று மூன்றாண்டுகளுள் கிடைத்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியில், கெப்பெட்டிப்பொலை முதலிய தலைவர்களின் கீழ் மக்கள் பழைய முறையிலேயே போரிட்டு ஆங்கிலேயரைப் பெரிதும் வருத்தினர். முறை மறக்கப்படவில்லை என்பதும், 1815இற் குறைந்தது விருப்பமே என்பதும் இதனாற் பெறப்படும். அதனை ஆங்கிலேயரும் உணர்ந்தனர். கிளர்ச்சி அடங்கியபின் தேசாதிபதி பாண்ஸ் 1820இற் கொழும்பு–கண்டிப் பாதையைத் தொடக்கினார். ஒற்றையடித் தடமே அரணாயிருந்த நாட்டில் அகன்ற பாதையே அரணை அழிக்கும் கருவியாயிற்று. 1867இற் புகையிரதமும் கண்டியை அடைந்தது.

மதிப்பீடு

கண்டியரின் ஏற்பாட்டை முற்றிலும் புகழ்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பாதை அகலாமையால் வாணிகம் சுருங்கியது. மக்களின் போக்குவரவு கட்டுப்பட்டது. அரசன் மலைக்குச் சென்றபோது தாழ்நிலத்து உழவனின் நெல்லும் வீடும் தீக்கிரையாயின. அரசைக் காத்த திட்டத்தின் சுமையை எளியோரே மிகுதியாகத் தாங்கினர். அவர் மனம் வேறுபட்ட அன்றே அத்திட்டம் செயலற்றதும் வியப்பன்று.

ஆயினும் இன்று எந்த நிறுவனமும் இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டியது உண்டு. இம்மலைநாட்டுக்கு இனிப் பலனைக் கணவாய் வழியாகப் பகைவர் வாரார். மழை வருகின்றது, மலை சரிகின்றது. 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டு, அதற்கென நிலையமும் ஏற்பட்டது. எனினும் 2014 ஒக்டோபர் 29இற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளரின் லயன்களைப் புதைத்தது. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. காவலன் கண்டான், கூறினான். ஆனால் மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோக வேறிடம் ஆயத்தமாக இருக்கவில்லை. ஹங்குராங்கெத்தை இல்லாத பலனை போன்றது இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில், கண்டி மாவட்டம் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட இடங்களுள் ஒன்றாயிற்று.

கல்லூரியாயினும் மருத்துவமனையாயினும் தோட்ட நிருவாகமாயினும் தன்னை வினவிக்கொள்ள வேண்டியவை பழைய கண்டியரின் வினாக்களே. செய்தி எவர் வழியாக வரும்? வந்தபின் எவர் எதைச் செய்வர்? எதை விட்டு எதைக் காப்பது? பெயர்ந்து செல்லுமிடம் எது? இவற்றுக்கு விடை எழுதிப் பேழையில் வைத்தல் எளிது. கண்டியர் அதனை எழுதி வைக்கவில்லை, வழக்கமாக்கி வைத்தனர்.

இவ்வினாக்களுக்கெல்லாம் அடிநிலையான வினா ஒன்றுண்டு. இடர் வருங்கால் நம் சொல்லை நம்பி எழுந்து நடப்பார் உளரா என்பதே அது. அந்நம்பிக்கை இடர்க்காலத்தில் விளைவதன்று. கடமையை நேர்மையாகப் பகிர்ந்தும், எளியோர் சுமையை அறிந்தும், குறை கூறுவாரைப் பகைக்காதும் ஒழுகும் அமைதிக் காலத்திலேயே விளைவது. 1803இன் வெற்றிக்கும் 1815இன் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் கண்டிக்கு அத்தகைய காலமாய் அமைந்திருக்கலாம். அவ்வாண்டுகளில் மலைகள் அசையவில்லை, காடுகள் குறையவில்லை. அவற்றினூடே நின்று காப்பாரின் உள்ளமே குறைந்தது.